கட்டினியா, இல்லையா?

அக்கா நீட்டிய போனைப் பார்த்து ஸ்டூடியோக்காரன் சிரித்தது முதல் தப்பு. சிரிப்பு தாங்காமல் இரண்டடி பின்னால் போனது இரண்டாவது தப்பு. முதுகு பட்ட குடைவிளக்கு ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, கடைசியில் விழுந்தே விட்டது. பல்பு வெடித்த சத்தத்துக்குக் கீழே சைக்கிள் கடைக்காரர் "மேல என்னய்யா அது?" என்று கத்தினார். அறை முழுக்கக் கண்ணாடித் தூள்.

அப்போதாவது சிரிப்பை நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை.

"அக்கா... இது... இது நம்ம பிளம்பர்க்கா!"

அக்கா போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள, முட்டிவலியோடு இருபத்திரண்டு படி ஏறி வந்தவள். முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். கண்ணாடித் தூளை மிதிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போனாள்.

"ஊர்ல வேற ஸ்டூடியோவே இல்லையா என்ன?"

அவ்வளவுதான் சொன்னாள். ஒவ்வொரு படியாக அவள் இறங்கும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டும் கேட்டு முடிந்த பிறகுதான், சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை இது என்று அவன் மண்டையில் ஏறியது.

போனில் அவன் பார்த்தது ஓர் அடையாள அட்டை. மேலே வட்ட முத்திரை, கீழே வாயில் நுழையாத ஒரு பெயர், பக்கத்தில் 'பாரிஸ்டர்' என்று பட்டம். நடுவில் கோட்டும் டையுமாகப் பிளம்பர். மூன்று வருஷத்துக்கு முன்பு கடன் விண்ணப்பத்துக்காக இதே அறையில், இதே முக்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்.

பிளம்பருக்கு இரட்டையாகப் பிறந்த சகோதரன் இருக்கலாம் என்று யாராவது வாதாடலாம். கோட்டுக்கு இருக்க முடியாது. அது ஸ்டூடியோ கோட்டு. முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி நாடா வைத்துத் தைத்திருந்தான். ஒல்லியாக வருகிறவருக்கு இறுக்கிக் கட்டலாம், தொப்பையோடு வருகிறவருக்குத் தளர்த்தி விடலாம். டைக்கு முடிச்சு கிடையாது, எலாஸ்டிக். ஒருநாள் போன் பேசிக்கொண்டே இஸ்திரி போட்டதில் இடது காலர் மடிப்பில் தீய்ந்து போயிற்று. அந்த இடத்தை மறைக்க வளையல் கடையில் வெள்ளி நிறத்தில் ஓர் இலை ஊசி வாங்கிக் குத்தினான். அந்த இலை பாரிஸ்டர் மார்பில் பளபளத்துக்கொண்டிருந்தது.

அது அங்கே போய்ச் சேர்ந்ததும் அவன் கைங்கரியம்தான். எல்லார் கையிலும் போன் வந்து ஸ்டூடியோ ஈயோட்டிக்கொண்டிருந்த காலத்தில், நெட்டில் ஒரு பக்கம் திறந்தால் ஆள் வரும் என்று யாரோ சொன்னார்கள். கோட்டு போட்ட படங்களாகப் பார்த்து இருபத்தாறு பொறுக்கி, 'நீங்களும் அதிகாரி ஆகலாம்' என்று தலைப்பு வைத்து ஏற்றினான். படத்தின் மேல் கடைப்பெயர் போடவில்லை. அளவைச் சுருக்கவில்லை. படத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்து, தடுக்கி விழாமல் இருக்க உள்ளே விளக்கும் போட்டுவைத்தது மாதிரி. அதைப் பார்த்து ஆளும் வரவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் மட்டும் வந்து போயிருக்கிறார்கள் போல.

தூளைப் பெருக்கி முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை மூடினான். பிறகு அக்காவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவை எடுத்தாள்.

"அக்கா, அந்த ஆளுக்குப் பணம் கிணம் ஏதாவது கட்டினியா?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

அக்காவிடமிருந்து நேரான பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் பத்தொன்பது வருஷம். கன்னம் வீங்கி வந்து நிற்கிறவரிடம், டாக்டர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று சொல்லாமல், அதே சமயம் பொய்யும் சொல்லாமல், ஒரு மணி நேரம் உட்காரவைக்கத் தெரிந்தவள்.

மறுநாள் சாயங்காலம் அவன் பிளம்பரைத் தேடிப் போனான். ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களிடமே விஷயத்தைச் சொன்னான். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது.

"பாரிஸ்டரா? நானா?"

"நீதான்பா."

பிளம்பர் வெளியே வந்து, போனை வாங்கி, ஈரக் கையோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. எங்க வீட்டம்மாவுக்கு அனுப்பவா?"

"யோவ், உன் மூஞ்சியை வெச்சு எவனோ ஊரை ஏமாத்தறான்யா!"

"கோவம் வருது அண்ணே, வராம இருக்குமா? ஆனா எனக்கு லோன் தரமாட்டேன்னு சொன்ன பேங்க்குல இந்தப் படத்தைத்தானே குடுத்தேன். அவனுங்களுக்கு மட்டும் ஏன் பாரிஸ்டரா தெரியல?"

எப்படியோ பேசி அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனான். எதிரில் ஆளையே நிறுத்திவிட்டால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவன் கணக்கு. அக்கா கதவைத் திறந்தாள். பிளம்பரை மேலும் கீழும் பார்த்தாள். போனை எடுத்து அதிலும் பார்த்தாள்.

"சாயல் இருக்கு" என்றாள்.

"சாயலா? அக்கா, இவரேதான் அவரு!"

"நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கீங்களா?" என்று பிளம்பரைக் கேட்டாள்.

"ஒரு தடவை போயிருக்கேன்ம்மா. மாடியில டேங்க் உடைஞ்சு ஜட்ஜு ரூமுக்குள்ள தண்ணி வந்துடுச்சு."

"பார்த்தியா, இவர் வேற" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். 

"சரிக்கா, கோட்டைப் பாரு. என் கோட்டு. காலர்ல இலை பாரு. நான் தீச்ச இடத்துக்கு மேல நானே குத்தின இலை!"

"அது அவங்க கம்பெனிச் சின்னம்டா. அவங்க டைரக்டர் போட்டோவும் வந்திருக்கு. அவரும் இதே இலைதான் குத்தியிருக்கார்."

காட்டினாள். டைரக்டர், முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். செயலாளர், பாத்திரக் கடை முதலாளியின் மச்சான். இன்னும் இரண்டு உள்ளூர் முகங்கள். பாரிஸ்டரோடு சேர்த்து ஐந்து பேரும் ஒரே கோட்டில், ஒரே எலாஸ்டிக் டையில், ஒரே இலையோடு. ஸ்டூடியோக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் கையில் இருந்த ஒரே சாட்சியும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அக்காவின் கணவர், மாமா, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்பு, கப்பல் கரை சேருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். கம்பெனி கொஞ்சம் பணம் கொடுத்தது, மீதி 'பரிசீலனையில் இருக்கிறது' என்றது. அந்த மீதி, பெரிய தொகையாகி, வெளிநாட்டு பேங்க் ஒன்றில் அக்கா பேரில் கிடக்கிறதாம். அதை விடுவிக்க ஒரு கட்டணம் முன்னால் கட்டவேண்டுமாம். 

"வரவேண்டிய பணத்துல அந்தக் கட்டணத்தைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுக்கச் சொல்லேன். ஏன் முன்னாடியே கேக்கறான்?"

"அது சட்டமாம்."

"எந்த நாட்டுச் சட்டம்? பாரிஸ்டர்ங்கறான், மெயில் விலாசம் பாரு, நம்ம ஸ்டூடியோ வெச்சிருக்கிற மாதிரி ஓசி விலாசம். ஆபீஸ் இருக்கிறவன் ஆபீஸ் பேர்ல வெச்சிருக்கமாட்டானா?"

"உங்க மாமா பேரு, கப்பல் பேரு, சேர்ந்த வருஷம் எல்லாம் கரெக்டா எழுதியிருக்காருடா. ஏமாத்தறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"முதல் லெட்டர்லயே எழுதியிருந்தானா?"

அக்கா சற்றுத் தயங்கினாள். "முதல் லெட்டர்ல 'காலமான தங்கள் கணவர்'னு இருந்தது. விவரம் கேட்டார். நான் எழுதினேன்."

"நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கான்!"

"இப்படிச் சொல்லித் தடுக்க வருவாங்கன்னுகூட எழுதியிருந்தார். 'பணம் கைக்கு வரும்வரை உறவினர் யாருக்கும் சொல்லவேண்டாம், பொறாமையில் கெடுப்பார்கள்'னு. நான்தான் கேக்காம உன்கிட்ட வந்து போனைக் காட்டினேன்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பொறாமைப்படுகிற உறவினர் என்று முகம் தெரியாத எவனோ எழுதிய வேஷத்தை, சிரித்துச் சிரித்து அவனே கச்சிதமாக நடித்துக் கொடுத்திருக்கிறான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கட்டினியா, இல்லையா?"

"இவரு வந்ததுதான் வந்தாரு, பின்னாடி குழாய் ஒழுகுது, பார்க்கச் சொல்லேன்" என்றாள் அக்கா.

பாரிஸ்டர் எழுந்து போய்க் குழாய்க்கு வாஷர் மாற்றினார். காசு வாங்க மறுத்தார், சரியாகச் சொன்னால் அக்காவிடம் வாங்க மறுத்து, தெருவுக்கு வந்ததும் அவனிடம் வாங்கிக்கொண்டார். குழாய் வேலை நடந்த நேரத்தில், அக்கா பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்த கடிதத்தை ஸ்டூடியோக்காரன் போனில் படமெடுத்துக்கொண்டான். கட்டணத் தொகையில் இருந்த சைபர்களை இரண்டு தடவை எண்ணினான். அக்கா முட்டி ஆபரேஷனுக்காக நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருப்பதில் முக்கால்வாசி அது. கட்டியாயிற்றா, இனிமேல்தானா? அதைப் பொறுத்துத்தான் அவள் அடுத்த வருஷம் படி ஏறுவாளா என்பது.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, அக்கா கணக்கு வைத்திருக்கும் பேங்க்குக்குப் போனான். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"அவங்க கணக்கைப் பத்தி உங்ககிட்ட நான் எதுவும் சொல்லக்கூடாது சார்."

"தொகை வேண்டாம்மா. போச்சா, இருக்கான்னு மட்டும்."

"ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது."

"தலையை மட்டும் ஆட்டக்கூடாதா?"

ஆட்டவில்லை. ஆனால் அவன் கிளம்பும்போது, "அவங்களையே சீக்கிரம் கூட்டிட்டு வாங்க சார், லேட் பண்ணினா ஒண்ணும் செய்யமுடியாது" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ் நிறுத்தம்வரை யோசித்துக்கொண்டே போய், அவன் பஸ்ஸைத் தவறவிட்டான்.

அன்றைக்கே போலீஸில் புகார் எழுதும் இடத்துக்கும் போனான். அங்கே ஓர் அதிகாரி, கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பாதிக்கப்பட்டவர் யாரு?"

"எங்க அக்கா சார்."

"அவங்க வந்து எழுதணும்."

"அவங்கதான் பாதிக்கப்பட்டதா ஒத்துக்கவே மாட்டேங்கறாங்களே."

"அப்ப பாதிப்பு இல்லைன்னு ஆயிடுதே."

"சார், அந்த ஆளோட படம் எங்க ஊர் பிளம்பரோடது. நெட்ல நான் போட்டிருந்த பக்கத்திலேர்ந்து எடுத்திருக்கான்."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பிளம்பர்கிட்டக் கேட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப முதல் புகார் உங்க மேலதான் வரணும்." கொஞ்சம் இரக்கப்பட்ட மாதிரி, "அக்காவைக் கூட்டிட்டு வாங்க. மெயில் எதையும் அழிக்கவேண்டாம்னு சொல்லுங்க. மேல பணம் மட்டும் கட்டவிடாதீங்க" என்றும் சேர்த்தார்.

மேலே கட்டுவது இருக்கட்டும், கீழே கட்டினாளா என்பதே தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். எல்லாரும் அக்காவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அக்கா அவன் போனையே எடுப்பதில்லை.

அதற்கடுத்த நாள் காலை அவன் செய்ததை, கொஞ்சம் புத்தி உள்ளவன் செய்யமாட்டான். நேராகப் பாரிஸ்டருக்கே மெயில் எழுதினான். தான் ஒரு போட்டோக்காரன் என்றும், பாரிஸ்டர் போட்டிருப்பது தன் கோட்டு என்றும், பாரிஸ்டர் இரண்டு நாள் முன்பு தன் அக்கா வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றினார் என்றும், அக்கா பணம் ஏதாவது கட்டியிருந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பவேண்டும் என்றும் எழுதினான். எழுதி முடித்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஒன்பதே நிமிஷத்தில் பதில் வந்தது. அந்த வாரம் முழுக்க அவனுக்கு உடனே பதில் சொன்னது அந்த அயோக்கியன் ஒருவன்தான். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கியது. எங்கள் நற்பெயரைப் போலிகள் பயன்படுத்துவது அறிந்து வருந்துகிறோம். தங்கள் சகோதரியைப் போல ஏமாற்றப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவே ஒரு தனிப்பிரிவு நடத்துகிறோம். தாங்கள் செய்யவேண்டியதெல்லாம் ஒரு சிறிய பதிவுக் கட்டணம் செலுத்துவதுதான். விவரத்துக்கு எங்கள் கணக்குத் துறைத் தலைவியைத் தொடர்பு கொள்ளவும், அவர் அடையாள அட்டை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பைத் திறந்தான்.

அக்கா.

கோட்டு, எலாஸ்டிக் டை, இலை. புது விளக்கு வாங்கி வந்த அன்றைக்கு, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போக வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து வெளிச்சம் சரிபார்த்த படம். 'என்னடா, இதுல பாதிதான் இருக்கு, மீதிக் கோட்டு எங்க?' என்று கேட்டுவிட்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். இருபத்தாறு படத்திலும் அதுதான் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே ஏற்றினான், ஏற்றியதையும் மறந்தான்.

இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. இதைவிடக் காட்டக்கூடாத சாட்சியும் கிடைக்காது. உன்னை ஏமாற்றுகிற கூட்டத்தில் உன்னையே சேர்த்துவிட்டேன் அக்கா என்று எந்த வாயால் சொல்வது? கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்தான். பிறகு இறங்கிப் போனான்.

பல் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அக்கா அவனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள். பதினேழு.

"அக்கா, எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் இங்க வந்தே? பின்னாடி ஆள் நிக்கறாங்க, நகரு."

பதினேழு வரும்வரை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கன்னத்தில் துணி கட்டிய ஒருவர், "ரொம்ப வலியா தம்பி?" என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். பொய்யில்லை.

பதினேழைக் கூப்பிட்டதும் எழுந்து போய், எதுவும் சொல்லாமல் போனைக் கவுண்டர் மேல் வைத்தான்.

அக்கா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கீழே இருந்த வேற்றுப் பெயரை விரலால் தடவிப் படித்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். அவள் திரும்பவில்லை.

"இதை நெட்ல போட்டது யாரு?"

"நான்தான்க்கா."

"என்னைக் கேட்டியா?"

"கேக்கல. யாரையும் கேக்கல. தப்பு என்னுதுதான்."

"இந்த மூஞ்சியைப் பார்த்து எத்தனை பேர் நம்பியிருப்பாங்கடா?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றான். அக்கா போனைத் திருப்பி வைத்தாள். படம் கவுண்டர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம் கம்பெனிக்கு எழுதினேன். ஒரு காகிதம் வரல. இவன் எழுதினா அன்னிக்கே பதில் போடுவான். முட்டி எப்படி இருக்குன்னு கேப்பான்டா. உங்க மாமா என்னவெல்லாம் சாப்பிடுவாருன்னு கேட்டான் ஒரு தடவை. எதுக்குக் கேட்டான்னே தெரியல. நான் ஒரு பக்கம் எழுதினேன்."

அவள் குரல் உடையவில்லை. டோக்கன் எண் சொல்கிற அதே குரல். அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. மூடிக்கொண்டான்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "அடுத்த டோக்கன்?" என்றாள்.

"ரெண்டு நிமிஷம் இரு" என்றாள் அக்கா, அவளைப் பார்க்காமல்.

"அக்கா" என்றான். "கோவிச்சுக்க, அடி, என்ன வேணா பண்ணு. இது மட்டும் சொல்லிடு. கட்டினியா, இல்லையா?"

அக்கா டோக்கன் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டினேன்டா. போன மாசம், முதல்ல கேட்டது. முட்டிக்கு வெச்சிருந்ததுல முக்கால்வாசி போச்சு. ரெண்டாவதா வரின்னு கேட்டிருக்கான், மீதியை இன்னிக்கு மத்தியானம் கட்டறதா இருந்தேன். கட்டமாட்டேன்."